காதில் விழுவதும் கருத்தில் சேர்வதும்

தங்கச்சிமடத்தில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு சிறு வீட்டின் திண்ணையில், சென்ற மார்கழி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில், நர்ஸிங் படிப்பை முடித்துவிட்டு அயல்நாட்டு வேலைக்கு வேண்டிய ஆங்கிலப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஒரு பெண், தன் காதில் இருந்த இயர்போன்களில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டி, "சார், இத நீங்க ஒரு தடவ கேளுங்களேன்" என்றாள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஏதோ ஒரு விஷயத்தைப் பற்றி உரையாடும் பாட்காஸ்ட் அது. வலையொலி என்று இப்போது தமிழில் வழங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் வந்த ஒரு வாக்கியத்தை அவள் ஐந்து தரம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். மடியில் கிடந்த நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியில் 'வாட்ச்' என்றும், அதன் கீழே 'கனடா' என்றும் எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள். "கடிகாரத்தப் பத்தி ஏதோ கேக்குறாங்க, கனடாவப் பத்தியும் வருது, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தெரியல சார்."

நான் கேட்டேன். 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்பதுதான் அந்த வாக்கியம். நீ என்ன செய்யப் போகிறாய் என்ற எளிய கேள்வியை அந்த மனிதர் தம் நாட்டு வழக்கப்படி ஒரே மூச்சில் 'வாட்ச கன டூ' என்று உதிர்த்துவிட்டார். ஆறு சொற்களையும் தனித்தனியே காகிதத்தில் எழுதிக் காட்டியதும் அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ ஒருவிதத் துக்கம். "எல்லாமே மூணாங் கிளாஸ்லேருந்து தெரிஞ்ச வார்த்தைதான். எழுதினா புரியுது, காதுல விழுந்தா புரியல. அப்ப எனக்குத் தெரிஞ்சது வார்த்தையா, வெறும் எழுத்தா சார்?" என்று கேட்டாள்.

பரீட்சை எழுத வேண்டிய ஒரு பெண்ணின் சாதாரணமான சலிப்பு என்று அந்தக் கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஐயெல்ட்ஸ் என்ற அந்தப் பரீட்சையில் கேட்டல் பகுதிக்குச் சுமார் 30 நிமிஷம், 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். ஆகையால் அவளுக்கு அது பிழைப்பைப் பற்றிய கவலை, அதில் ஐயமில்லை. ஆனாலும் சொல் என்பது எது, அது எங்கே இருக்கிறது, ஒலி செவியில் பட்டதற்கும் பொருள் புத்தியில் உதித்ததற்கும் இடையே என்ன நிகழ்கிறது என்ற வினா, நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வந்த வினாவேயாகும். தத்துவ நூல் எதையும் தொட்டறியாத ஒரு பெண், கடற்கரைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தன் சொந்த இடர்ப்பாட்டின் வழியாகவே அந்த வினாவின் வாசலில் வந்து நின்றாள் என்பதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது.

எழுத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. இடைவெளி என்பது காகிதத்தின் உபகாரம். இந்த உண்மையைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஆறு இயல்கள் சொல்லோடு சொல் சேரும்போது ஒலி எப்படித் திரிகிறது, எப்படிக் கெடுகிறது, எப்படித் தோன்றுகிறது என்பதைத்தான் சொல்லுகின்றன. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் என்பது நமக்குக் குழந்தைப் பாடம். ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு. ஆனால் அது வாயில் மட்டும் நிகழ்ந்து ஏட்டில் ஏறாத புணர்ச்சி. 'டிட் யூ' என்பது 'டிஜ்யூ' ஆகிறது. 'வாண்ட் டு' என்பது 'வான' என்று குறுகுகிறது. எழுத்து மட்டும் ஒன்றும் நடக்காதது போல் பழைய கோலத்திலேயே நிற்கிறது. அதோடு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரைக் கணக்குக் குலையாமல் பழகிய நம் செவிக்கு, ஒரு சொல்லில் ஓர் அசையை ஓங்கி அழுத்தி மற்ற அசைகளை நசுக்கி விழுங்கிவிடும் ஆங்கில ஓசை பெரும் அநியாயமாகவே படுகிறது. 'கம்ஃபர்ட்டபிள்' என்று நாம் நிதானமாக ஓதி வந்த சொல் அவர்கள் வாயில் 'கம்ஃப்டபிள்' என்று ஓடி மறைகிறது. பையும் பேக், மூட்டை கட்டுவதும் பேக் என்று ஒரே பகரத்தால் எழுதி ஒரே பகரமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த இரண்டையும் பிரித்தறிவதே தனிப் பயிற்சி. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள். காது அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்படவே இல்லை. அவள் கேள்விக்கு இலக்கணம் சொல்லும் விடை இவ்வளவுதான்.

ஆனால் தத்துவம் இதற்கும் ஓர் அடி கீழே இறங்கிப் பார்க்கிறது. ஏழாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் மீமாம்சகர்களான குமாரிலரும் பிரபாகரரும் ஒரு குழந்தை மொழி கற்பதைக் காட்டி வாதிட்டார்கள். மூத்தவர் ஒருவர் இளையவரை நோக்கி, 'பசுவைக் கொண்டு வா' என்கிறார். இளையவர் போகிறார், பசு வருகிறது. அருகே நிற்கும் குழந்தைக்கு அந்த ஒலித்தொடர் முழுவதும் அந்தச் செயல் முழுவதோடும் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி, 'குதிரையைக் கொண்டு வா' என்ற குரல் எழுகிறது. வேறொரு பிராணி வருகிறது. 'பசுவைக் கட்டு' என்கிறார். முன்பு வந்த பிராணி கட்டப்படுகிறது. ஒன்று மாற ஒன்று நிற்க, மாறியது எது, நின்றது எது என்று குழந்தை தனக்குத்தானே கூட்டியும் கழித்தும் சொற்களைப் பிரித்தெடுக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைத் தனியே தந்த பிறகு அப்பொருள்கள் இணைந்து வாக்கியப் பொருளாகின்றன என்பது குமாரிலர் கட்சி. சொற்கள் எப்போதும் ஒன்றோடொன்று இணைந்த நிலையிலேயே பொருள் தருகின்றன, தனிச்சொல் என்று நாம் நினைப்பது பின்னால் பிரித்தெடுத்தது என்பது பிரபாகரர் கட்சி. இவர்களுக்கும் முந்தியவரான பர்த்ருஹரி, வாக்கியபதீயத்தில், இன்னும் துணிந்து, வாக்கியமே பிளவுபடாத ஒரே வஸ்து, அதன் பொருள் மின்னலைப் போல் முழுமையாகவே உள்ளத்தில் பளிச்சிடுகிறது என்றார்.

தங்கச்சிமடத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது, பிரபாகரரும் பர்த்ருஹரியும் சொல்வதே எனக்கு உண்மையாகப் படுகிறது. அந்தப் பெண் அறிந்திருந்தவை குமாரிலருடைய சொற்கள்: தனித்தனியே, அகராதியில் அடுக்கியபடி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தமிழ்ச் சொல் எழுதிய நிலையில் இருந்தவை. செவிக்கு வந்ததோ பிரிவில்லாத ஒரு ஒலிப் பிரவாகம். பிரவாகத்தில் அவள் துண்டுகளைத் தேடினாள். கையில் அகப்பட்டவை கடிகாரமும் கனடாவும்.

இங்கே ஒரு தடை எழும். அந்தக் குழந்தைக்கு முன்னால் பசு இருந்ததே. பாட்காஸ்டில் பசு எங்கே? முகம் தெரியாத இருவர், எந்த ஊரிலோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்கள். கை அசைவதில்லை, கண் காட்டுவதில்லை, ஒரு பொருளையும் எடுத்து நீட்டுவதில்லை. அசரீரியாக வரும் இந்த வாக்கு எந்த வழக்காற்றின் துணையால் பொருள் தரும்? இந்தத் தடை நியாயமானது. முற்றிலும் தெரியாத மொழியைப் பல மணி நேரம் காதில் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒரு நாள் தானாகவே புரிந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. பசு இல்லாத இடத்தில் பசுவைக் கேட்பவனே கொண்டு வந்து நிறுத்த வேண்டும். அந்தப் பெண்ணிடம் பசு இருந்தது. மூன்று வருஷம் வார்டில் நின்று புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறாள், டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறாள், இரவெல்லாம் கண் விழித்துக் காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தைக் குறித்திருக்கிறாள். அவள் கேட்டுக்கொண்டிருந்த பாட்காஸ்டோ ஏதோ நகரத்து ஓட்டல்களைப் பற்றியது. "ஏம்மா, நோயாளியப் பத்திப் பேசுற நிகழ்ச்சி ஒண்ணும் கிடைக்கலையா?" என்று கேட்டேன். கிடைத்தது. அதில் தெரியாத சொற்கள் முன்னதைவிட அதிகம். புரிந்ததும் முன்னதைவிட அதிகம். காயத்தைக் கழுவும் முறையை ஒருவர் விவரிக்கும்போது அடுத்து என்ன வரும் என்பதை அவள் கைகள் முன்பே அறிந்திருந்தன.

அடுத்தது என்ன வரும் என்ற இந்த எதிர்பார்ப்புக்குத்தான் நையாயிகர்கள் ஆகாங்க்ஷை என்று பெயர் வைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கசங்கிரகம், வாக்கியம் பொருள் தருவதற்கு ஆகாங்க்ஷை, யோக்கியதை, சந்நிதி என்று மூன்று காரணங்களைச் சொல்லுகிறது. பசு, குதிரை, மனிதன், யானை என்று அடுக்கினால் ஒரு சொல் மற்றொன்றை அவாவி நிற்கவில்லை, பொருள் பிறக்காது. நெருப்பால் நனைக்கிறான் என்றால் பொருத்தமில்லை, பொருள் பிறக்காது. ஒரு சொல்லை இப்போது சொல்லி, அடுத்த சொல்லை ஒரு ஜாமம் கழித்துச் சொன்னால் அண்மை இல்லை. அப்போதும் பொருள் பிறக்காது. மூன்றாவதை ஆங்கிலம் கேட்டுப் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டும். புரியாத ஒவ்வொரு சொல்லிலும் கருவியை நிறுத்தி, அகராதியைப் புரட்டி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி நிறுத்திக் கேட்பவர் தாமே சந்நிதியைக் குலைத்துக்கொள்ளுகிறார். ஜாமத்துக்கு ஒரு சொல்லாகக் கேட்டவருடைய கதிதான் அவருக்கும். வாக்கியம் முடிகிறவரை, முடிந்தால் பேச்சு ஒரு கட்டத்துக்கு வருகிறவரை, புரியாமையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும்.

அப்படித் தாங்கிக்கொண்டிருப்பது எளிதல்ல. இதை நான் ஓர் ஆத்மிகப் பயிற்சி என்றே கருதுகிறேன். புரியாத பேச்சின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அகங்காரம் பொறுக்காது. 'நான் பட்டம் பெற்றவன், எனக்கா புரியவில்லை' என்று ஒருபுறம் குமுறும். 'நமக்கு இது வராது' என்று மறுபுறம் எழுந்து போகும். இரண்டும் தன்னையே நினைத்துக்கொண்டிருப்பது. இரண்டிலும் காது பேசுகிறவனிடம் இல்லை. கேட்டல் என்பது அந்தச் சில நிமிஷங்களுக்குத் தன்னை ஒதுக்கிவைத்துப் பிறனுக்கு இடம் விடுதல். பக்தி ஒன்பது விதம் என்று வகுத்தவர்கள் சிரவணத்தை முதலில் வைத்ததும், வேதாந்திகள் சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று படி அமைத்ததும், திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்தபடியே கேள்வி என்று தனி அதிகாரம் வகுத்து, நூல் கற்காதவனுக்கும் கேள்வி உண்டென்று வழி திறந்ததும் இதை அறிந்துதான். தமிழில் கேள் என்ற சொல்லுக்குச் செவிகொடு என்பதும் வினவு என்பதும் பொருள். பழந்தமிழில் கேள் என்றால் உறவு என்பதும் உண்டு. வினவும் மனம் இல்லாதவன் காதில் விழுவது நிற்பதில்லை.

இந்தக் கடற்கரை புரியாத மொழியைக் கேட்பதில் புதியதல்ல. இராமேசுவரத்துப் பிராகாரத்தில் வேதகோஷத்தை எத்தனையோ தலைமுறையாகக் கேட்டு வந்தவர்களில் பொருள் அறிந்தவர் மிகச் சிலர். கீழக்கரையின் மதரஸாக்களில் சிறுவர்கள் குர்ஆனின் உச்சரிப்பை ஆசிரியர் வாயிலிருந்து காதால் வாங்கி, ஒரு நீட்டல் குறுக்கல் பிசகாமல் ஓதுகிறார்கள். அரபுப் பொருள் பின்னால் வருகிறது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கத்தோலிக்கக் கடல்தொழிலாளர் குடும்பங்கள், 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறக்கும் வரையில், லத்தீன் பூசையைக் கேட்டுத்தான் முழந்தாளிட்டார்கள். உத்தரகோசமங்கை என்ற ஊரின் பெயரையே, மங்கையாகிய உமாதேவிக்கு இறைவன் ரகசியத்தை உபதேசித்த இடம் என்று தலபுராண வழக்கு விரிக்கிறது. கேட்டவளை முன்னிட்டே அந்த ஊருக்குப் பெயர் வந்தது. பொருள் அறியாமல் கேட்பது வீண் என்று இவர்களைப் பார்த்து யார் சொல்ல முடியும்? ஆனால் மந்திரத்தில் ஒலியே ஒரு பயன். உலக மொழியிலோ ஒலி பொருளுக்கு வாகனம். மந்திரத்தைக் கேட்கும் பொறுமையோடு கேட்டு, வாகனத்தில் வந்தவரையும் இறக்கி வரவேற்க வேண்டும். இதுதான் வேறுபாடு.

ஆங்கிலப் பேச்சு ஒன்று இந்தத் தீவில் பெரும் கூட்டத்தின் காதில் விழுந்த ஒரு நாளைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. 1897-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று சுவாமி விவேகானந்தர் இலங்கையிலிருந்து கடல் கடந்து பாம்பனில் வந்து இறங்கினார். இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு அழைத்தார். மறுநாள் இராமேசுவரம் கோயிலில் அவர் ஆங்கிலத்தில் பேசினார். கூடியிருந்தவர்களுக்காக அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் முதலில் குரலை மட்டுமே கேட்டிருப்பார்கள். பொருள் சற்றுப் பின்னால் வேறொருவர் வாய்வழியே வந்திருக்கும். ஏழைகளிடத்தில் சிவனைக் காண்பவனே மெய்யாகச் சிவனை வழிபடுகிறவன் என்பது அந்தப் பேச்சின் சாரம். அதில் ஒரு கதையும் சொன்னார். செல்வர் ஒருவருடைய தோட்டத்தில் இரண்டு தோட்டக்காரர்கள். ஒருவன் எஜமானனைக் கண்டால் கைகட்டி நின்று அவருடைய முகத்தின் அழகைப் புகழ்வான், வேலை செய்யமாட்டான். மற்றவன் அதிகம் பேசமாட்டான், காய்கறிகளை விளைவித்துத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பான். யாரை எஜமானன் விரும்புவான் என்று கேட்டார்.

அந்தப் பேச்சு இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணமான ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். குட்வின் என்ற ஆங்கிலேயர், சுருக்கெழுத்தில் தேர்ந்தவர், 1895-ஆம் ஆண்டு இறுதியில் நியூயார்க்கில் சுவாமிகளுடைய சொற்பொழிவுகளைக் குறித்தெடுக்கக் கூலிக்கு அமர்ந்தவர், கேட்டுக் கேட்டே சீடராகிக் கூலியை மறந்து, அந்த 1897-ஆம் ஆண்டுப் பயணத்திலும் கூடவே வந்தார். குறிப்பு வைத்துக்கொண்டு பேசும் வழக்கமில்லாத சுவாமிகளின் சொற்களில் பெரும்பகுதியைக் காற்றோடு போகாமல் காத்தவை அந்த ஒரு மனிதரின் இரண்டு காதுகள். ஒலிப்பதிவுக் கருவி பரவாத காலத்தில் அவரே கருவியாக இருந்தார். 1898 ஜூன் 2 அன்று உதகமண்டலத்தில் இறந்தார்.

இந்தத் தோட்டக்காரர் கதையை நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். காரணம் உண்டு. காலையில் எழுந்தது முதல், சமைக்கும்போதும், பஸ்ஸில் இராமநாதபுரம் போகும்போதும், துணி துவைக்கும்போதும் ஆங்கிலக் குரல் காதில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஓடிக்கொண்டே இருந்தது, கேட்கப்படவில்லை. முதல் தோட்டக்காரனுடைய துதியைப் போன்றது அது. ஆறு நிமிஷத்துப் பேச்சு ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் ஏட்டைப் பாராமல் முழுதும் கேட்டு, எதைப் பற்றிய பேச்சு என்று தமிழிலேயே தனக்குள் சொல்லிப் பார்த்து, மறுபடி கேட்டு, பிறகு எழுத்து வடிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் காது ஏமாந்த இடங்களில் பென்சிலால் கோடிட்டு, ஏட்டை மூடிவிட்டு மூன்றாம் முறை கேட்டு, பேசுகிறவரோடு கூடவே வாய்விட்டு அதே வேகத்தில் சொல்லிப் பார்ப்பது இரண்டாவது தோட்டக்காரனுடைய வேலை. பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' போன்ற நிகழ்ச்சிகளுக்கு எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கிறது. பிபிசி வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது 1943-இல். அமெரிக்காவின் குரல் வானொலி 1959-இல், ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், வேகம் தணித்து வாசிக்கும் விசேஷ ஆங்கில ஒலிபரப்பைத் தொடங்கியது. சிற்றலை ரேடியோவின் இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டவர்கள் அந்தத் தலைமுறையில் பலர். வேகம் தணித்த பேச்சு தொடக்கத்தில் கைப்பிடிச் சுவர் போல. படியேறிய பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது.

ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்பது அறிவுக்குறை என்று இளைஞர்கள் கூச்சப்படுகிறார்கள். சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு அதே உபதேச வாக்கியத்தை ஒன்பது முறை சொல்லுகிறார். பன்னிரண்டு வருஷம் குருகுலத்தில் வேதம் ஓதி, கற்றவன் என்ற செருக்கோடு திரும்பி வந்த மகனுக்கு ஒன்பது முறை! ஒவ்வொரு முறையும் அவன் இன்னும் விளக்குங்கள் என்று கேட்கிறான். தந்தை ஆலம்விதையையும் நீரில் கரைந்த உப்பையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். பிரம்மசூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் தொடங்குவதே சிரவணாதிகளைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்ற விதியோடுதான். நம் நன்னூலாரும் மாணாக்கனுக்குச் சொல்லும்போது, இருமுறை கேட்டால் நூலில் பிழை குறையும், மும்முறை கேட்டால் பிறருக்கு முறையாக எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்று கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்.

குரு எதிரே இல்லாத சிரவணம் சிரவணமாகுமா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். பரமார்த்த விஷயத்தில் ஆகாது என்றே நினைக்கிறேன். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும், பதிவான குரல் எத்தனை முறை கேட்டாலும் சொன்னதையே சொல்லும். மொழி விஷயத்தில் பாதி ஆகும். மறுபாதிக்கு மனிதர் வேண்டும். கேட்டதைப் பேசிப் பார்க்க ஒரு தோழி, ஒரு ஆசிரியர், ஒரு சுற்றுலா யாத்திரிகர், யாரேனும் ஒருவர்.

அயல் மொழிக்கு இத்தனை சிரத்தை காட்டுவது தாய்மொழிக்குத் துரோகமல்லவா என்று கேட்கிறவர்களும் உண்டு. இதே கரையில், மண்டபத்துக்கு அருகே உள்ள வேதாளையில் 1549-இல் கிரிமினாலி என்ற ஏசு சபைக் குரு கொல்லப்பட்ட பிறகு, முத்துக்குளித்துறைத் திருச்சபையின் பொறுப்பை ஏற்றவர் அந்தரிக் அடிகள் என்ற ஹென்ரிக்கஸ். ஐரோப்பியருக்கென்று ஒரு தமிழ் இலக்கணம்கூட அச்சில் இல்லாத நாளில், பரதவர் குடிசைகளில் பேசப்பட்ட தமிழைக் காதால் வாங்கியே கற்று, தாமே ஓர் இலக்கணக் குறிப்பு எழுதி, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றினார். போர்த்துகீசு மொழிக்கு அவர் துரோகி ஆகிவிடவில்லை. இராமேசுவரத்துத் தெருவில் 1931-இல் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம் உலகத்துச் சபைகளில் ஆங்கிலத்தில் பேசினார். அந்த ஆங்கிலத்தில் இந்தக் கரையின் ஓசை கடைசிவரை இருந்தது. பிற மொழியைக் கேட்கத் தெரிந்த செவி தன் மொழியையும் நன்றாகவே கேட்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் தாயுமானவரின் சமாதி இருக்கிறது. மௌனகுருவை அடைந்து மௌனத்தையே வேண்டிப் பாடிய அந்த மகான் உடலை விட்ட ஊர் இது. நாளெல்லாம் காதை அடைத்துக்கொண்டு ஏதாவது ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சமாதி நினைவுக்கு வரும். குரல் ஓய்ந்த பிறகு வரும் நிசப்தத்தில்தான் கேட்டது உள்ளே இறங்குகிறது. மனனம் என்று பெரியவர்கள் சொன்னது அந்த நேரத்தை. அவள் இப்போது மூன்றாம் முறை கேட்டதும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த மாற்றத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுகொண்டாள்.

சென்ற வாரம் போயிருந்தபோது, கடிகாரமும் கனடாவும் எழுதியிருந்த பழைய பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். அந்த வாக்கியத்தை வந்த வேகத்திலேயே சொல்லியும் காட்டினாள். அவளுடைய இடைஞ்சல் இப்போது வேறு. காதில் கருவியை மாட்டிய ஐந்தாவது நிமிஷத்தில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்றோ, தம்பி அழுகிறான் என்றோ, சும்மா பாட்டுத்தானே கேட்கிறாய் என்றோ. மேஜை மீது புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் பிள்ளையை நம் வீடுகளில் யாரும் அப்படி எழுப்புவதில்லை. கண்ணால் படிப்பது படிப்பு என்று நமக்குத் தெரியும். காதால் படிக்கும் பிள்ளைக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். மாலையில் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள். திண்ணையின் ஓர் ஓரத்தை ஒழித்துக் கொடுங்கள். அது முடிகிற வரையில் கூப்பிடாதீர்கள்.